விகிதமுறு சார்புகளின் வரைபடம்: ஒரு வரலாறு

ஒரு பல்லுறுப்புக்கோவையை மற்றொரு பல்லுறுப்புக்கோவையால் வகுக்கும்போது கிடைக்கும் சார்பு விகிதமுறு சார்பு எனப்படும். இதன் வரைபடத்தை வரைவதற்குப் பள்ளி, கல்லூரிப் பாடநூல்கள் ஒரு நடைமுறையைத் தருகின்றன. பகுதி எங்கே சுழியாகிறது என்று பார்க்க வேண்டும். அச்சுகளை வெட்டும் புள்ளிகளைக் காண வேண்டும். அணுகுகோடுகளைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வோர் இடைவெளியிலும் சார்பு நேர்மமா எதிர்மமா என்று சோதிக்க வேண்டும். அதன் பிறகே வளைவரையை வரைய வேண்டும். மாணவர்களுக்கு இது மனப்பாடம் செய்யவேண்டிய பட்டியலாகத் தோன்றலாம். ஆனால் இப்பட்டியலின் ஒவ்வொரு படியும் ஒரு காலத்தில் கணிதவியலாளர்களைத் தடுமாற வைத்த ஒரு கேள்விக்குக் கிடைத்த விடை. சில புள்ளிகளைக் குறித்து இணைத்துவிட்டால் வளைவரை கிடைத்துவிடாது. அது முடிவிலியை நோக்கி எவ்வாறு செல்கிறது என்பதை முதலில் அறிய வேண்டும் என்பதே இந்த வரலாறு கற்பிக்கும் பாடம்.

இக்கட்டுரையில் கிடைத்தொலைவு 'ய' என்றும், செங்குத்துத்தொலைவு 'ர' என்றும் குறிக்கப்படுகின்றன.

ஓர் எடுத்துக்காட்டு

ர = (ய² − 1)/(ய − 2) என்ற சார்பை எடுத்துக்கொள்வோம். தொகுதி சுழியாகும் ய = 1, ய = −1 ஆகிய இடங்களில் வளைவரை கிடையச்சை வெட்டுகிறது. ய = 0 எனில் ர = 1/2. ய = 2 ஆகும்போது பகுதி சுழியாவதால் அங்கே சார்புக்கு மதிப்பில்லை; அந்த நிலைக்கோடு ஓர் அணுகுகோடு. தொகுதியைப் பகுதியால் வகுத்தால் ர = ய + 2 + 3/(ய − 2) என்று கிடைக்கிறது. ய மிகப் பெரிதாகும்போது கடைசி உறுப்பு தேய்ந்துவிடும். எனவே வளைவரை ர = ய + 2 என்ற சாய்ந்த கோட்டை நெருங்குகிறது.

குறியைச் சோதித்தால், −1க்கு இடப்புறம் சார்பு எதிர்மம்; −1க்கும் 1க்கும் இடையே நேர்மம்; 1க்கும் 2க்கும் இடையே எதிர்மம்; 2க்கு வலப்புறம் நேர்மம். ஆகவே ய = 2 என்ற கோட்டின் இடப்பக்கத்தில் வளைவரை கீழே விழுகிறது; வலப்பக்கத்தில் மேலிருந்து இறங்குகிறது. இரண்டு தனித்தனிக் கிளைகள் கிடைக்கின்றன. ஐந்து நிமிடத்தில் முடியும் இந்த வேலையைச் செய்யத் தேவையான கருத்துகள் உருவாக ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் ஆயின.

கிரேக்கத் தொடக்கம்

வியப்பான செய்தி என்னவென்றால், சமன்பாடும் ஆள்கூறும் தோன்றுவதற்கு மிக முன்பே அணுகுகோடு தோன்றிவிட்டது. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் மெனெக்மஸ், ஒரு கனசதுரத்தின் கன அளவை இரட்டிப்பாக்கும் சிக்கலைத் தீர்க்க முயன்றபோது அதிபரவளைவைப் பயன்படுத்தினார். இன்று ர = 1/ய என்று நாம் எழுதும் எளிய விகிதமுறு சார்பின் வரைபடம் இந்த வளைவரையே.

கி.மு. 3ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெர்காவைச் சேர்ந்த அப்பல்லோனியஸ், கூம்பு வெட்டுகளைப் பற்றி எட்டு நூல்கள் கொண்ட பெரும்படைப்பை எழுதினார். அதன் முதல் நான்கு நூல்கள் கிரேக்க மொழியிலும், அடுத்த மூன்று அரபு மொழிபெயர்ப்பிலும் கிடைத்துள்ளன, எட்டாவது அழிந்துவிட்டது. இரண்டாம் நூலில் அதிபரவளைவின் அணுகுகோடுகளை அவர் விரிவாக ஆராய்ந்தார். வளைவரை கோட்டை எவ்வளவு வேண்டுமானாலும் நெருங்கும், ஆயினும் ஒருபோதும் சந்திக்காது என்று நிறுவினார். ஐரோப்பிய மொழிகளில் அணுகுகோட்டுக்கு வழங்கும் பெயர், 'சேர்ந்து விழாதது' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. தமிழில் இதைத் தொலைத்தொடுகோடு என்றும் சொல்வதுண்டு.

ஆனால் கிரேக்கர்களுக்கு வளைவரை என்பது கூம்பை வெட்டினாலோ வடிவியல் முறையில் அமைத்தாலோ கிடைக்கும் ஒரு பொருள். ஒரு சூத்திரத்தை எழுதி அதற்கு உருவம் கேட்கும் பழக்கம் அவர்களிடம் இல்லை.

சமன்பாட்டிலிருந்து வளைவரைக்கு

17ஆம் நூற்றாண்டில் பிரான்சில் இருவர் தனித்தனியே இந்நிலையை மாற்றினர். பியேர் டி ஃபெர்மா 1636ஆம் ஆண்டளவில் எழுதிய ஒரு சிறு நூலில், இரண்டு மாறிகளைக் கொண்ட சமன்பாடு ஒரு வளைவரையைக் குறிக்கும் என்ற கருத்தை முன்வைத்தார். இரு மாறிகளின் பெருக்கல் மாறிலியாக இருந்தால் கிடைப்பது அதிபரவளைவு என்றும் காட்டினார். இந்நூல் அவர் இறந்த பிறகு 1679இல்தான் அச்சாயிற்று. ரெனே டேக்கார்ட்டின் 'வடிவியல்' 1637இல் வெளிவந்தது. அதில் அவர் பயன்படுத்திய ஒரு முப்படி வளைவரையை, ஒரு முப்படிக் கோவையை ய-ஆல் வகுத்துப் பெறும் விகிதமுறு சார்பாக எழுதலாம். பிற்காலத்தில் நியூட்டன் இதைத் 'திரிசூலம்' என்று அழைத்தார்.

ஆனால் இருவரும் இன்றைய மாணவர் வரைவதுபோல் நான்கு கால்பகுதிகளிலும் வளைவரையை வரையவில்லை. எதிர்ம எண்களுக்கு வடிவியலில் இடம் உறுதியாகாத காலம் அது. தொலைவு என்றால் அது நேர்மமாகத்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணம் வலுவாக இருந்தது. 1638இல் டேக்கார்ட் முன்வைத்த 'இலை' வளைவரைக்கு நேர்ந்தது இதற்கு நல்ல சான்று. நேர்மக் கால்பகுதியில் ஓர் இலை வடிவம் சரியாகக் கிடைத்தது. ஆனால் மற்ற மூன்று பகுதிகளிலும் அதே இலை மீண்டும் வரும், மொத்தத்தில் நான்கிதழ்ப் பூவாகும் என்று கருதப்பட்டது. உண்மையில் அந்த வளைவரைக்கு ஒரே ஓர் இலைதான் உண்டு. அதன் இரு முனைகளும் எதிர்மப் பகுதிகளுக்குள் நீண்டு ஒரு சாய்ந்த அணுகுகோட்டை நெருங்குகின்றன. எதிர்ம மதிப்புகளைப் பிரதியிட்டுப் பார்க்காமல் சமச்சீரை ஊகித்ததால் ஏற்பட்ட பிழை இது.

முடிவிலியைவிடப் பெரிய எண்?

பகுதி சுழியாகும் இடத்தில் என்ன நடக்கிறது என்பது இன்னும் கடினமான கேள்வியாக இருந்தது. முடிவிலிக்கு இன்று நாம் பயன்படுத்தும் குறியை 1655இல் அறிமுகப்படுத்திய ஜான் வாலிஸ், 1656இல் வெளிவந்த தம் நூலில் ஒரு விந்தையான முடிவுக்கு வந்தார். 1/3, 1/2, 1/1 என்று பகுதியைக் குறைத்துக்கொண்டே வந்தால் பின்னம் பெரிதாகிக்கொண்டே போகிறது. பகுதி சுழியாகும்போது அது முடிவிலி. அப்படியானால் பகுதி சுழியை விடவும் குறைந்து எதிர்மமாகும்போது, பின்னம் முடிவிலியை விடவும் பெரிதாக இருக்க வேண்டுமல்லவா?

இந்த வாதத்தை வெறும் எண்களை வைத்து மறுப்பது எளிதன்று. ர = 1/ய என்பதன் வரைபடத்தில் அது உடனே தெளிவாகிறது. வலக்கிளை மேலே ஏறி முடிவிலிக்குச் சென்றுவிடுகிறது. இடக்கிளை கீழேயிருந்து தொடங்குகிறது. இரண்டுக்கும் நடுவே பாலம் இல்லை. பகுதி சுழியாகும் இடத்தில் வளைவரை அறுபடுகிறது. எனவே ஒரு பக்கத்தில் கண்ட போக்கை மறுபக்கத்துக்கு நீட்டிச் சொல்ல முடியாது. நிலை அணுகுகோட்டின் இரு பக்கங்களிலும் குறியைத் தனித்தனியே சோதிக்க வேண்டும் என்று பாடநூல் வலியுறுத்துவதன் காரணம் இதுவே.

இதே காலத்தில் எவாஞ்சலிஸ்டா டாரிசெல்லி வேறொரு வியப்பைக் கண்டார். அதிபரவளைவின் ஒரு கிளையை அதன் அணுகுகோட்டைச் சுற்றிச் சுழற்றினால் முடிவில்லாமல் நீளும் ஒரு குழல் கிடைக்கிறது. ஆனால் அதன் கன அளவு முடிவுள்ளது. 1644இல் வெளியான இம்முடிவு, முடிவிலியைப் பற்றிய அக்காலத் தத்துவ விவாதங்களையே கலக்கியது.

நியூட்டனின் கணக்கெடுப்பு

வளைவரைகளை முறையாக வரையும் கலையை நிலைநாட்டியவர் ஐசக் நியூட்டன். 1660களில் தொடங்கி அவர் செய்த ஆய்வு, 1704இல் 'ஒளியியல்' நூலின் பின்னிணைப்பாக வெளிவந்தது. முப்படிச் சமன்பாடுகளுக்குரிய வளைவரைகளை அவர் அதில் 72 வகைகளாகப் பிரித்தார். விடுபட்ட நான்கை ஜேம்ஸ் ஸ்டர்லிங் 1717இல் சேர்த்தார். பின்னர் மேலும் இரண்டு சேர்ந்து மொத்தம் 78 ஆயிற்று. இரண்டு அச்சுகளையும், நேர்மம் எதிர்மம் ஆகிய இருவகை மதிப்புகளையும் தயக்கமின்றிக் கையாண்ட முதல் பெரும்படைப்பு இது.

நியூட்டன் எதைக் கொண்டு வகைப்படுத்தினார் என்பது முக்கியமானது. அவர் முதலில் பார்த்தது முடிவிலிக்குச் செல்லும் கிளைகளை. எத்தனை கிளைகள் உள்ளன, அவை நேர்கோட்டை நெருங்குகின்றனவா அல்லது பரவளைவுபோல் விரிகின்றனவா என்பதே அவருடைய முதற்கேள்வி. நடுப்பகுதியின் நெளிவு சுளிவுகள் அடுத்தபடியாகவே வந்தன. இன்றைய நடைமுறையின் வரிசையும் இதுவே.

திரிசூலத்தின் எளிய வடிவமான ர = (ய³ + 1)/ய என்பதைப் பார்க்கலாம். வகுத்தால் ர = ய² + 1/ய. சுழிக்கு அருகில் 1/ய மேலோங்குவதால் இரண்டு கிளைகள் நிலையச்சை ஒட்டி மேலும் கீழுமாகச் செல்கின்றன. தொலைவில் ய² மேலோங்குவதால் மற்ற இரண்டு கிளைகள் ஒரு பரவளைவை நெருங்குகின்றன. தொகுதியின் படி பகுதியின் படியைவிட இரண்டு கூடுதலாக இருக்கும்போது, வளைவரை நெருங்குவது நேர்கோட்டை அன்று, ஒரு பரவளைவை என்பது இதனால் விளங்கும்.

நியூட்டன் பெயரிட்ட மற்றொரு வளைவரை 'பாம்பு'. அதன் எளிய வடிவம் ர = ய/(1 + ய²). இதன் பகுதி எங்கும் சுழியாவதில்லை. ஆகவே நிலை அணுகுகோடு இல்லை. ய = 1 என்ற இடத்தில் 1/2 என்ற உச்சத்தையும், ய = −1 என்ற இடத்தில் −1/2 என்ற தாழ்வையும் அடைந்து, இருபுறமும் கிடையச்சை நெருங்குகிறது. அதே கிடையச்சை ஆதிப்புள்ளியில் வெட்டவும் செய்கிறது. அணுகுகோட்டை வளைவரை ஒருபோதும் தொடாது என்பது அதிபரவளைவுக்கு உண்மை. எல்லா வளைவரைகளுக்கும் அது விதியன்று. மாணவர்களிடம் பரவலாகக் காணப்படும் ஒரு தவறான எண்ணத்தைத் திருத்த இந்தப் பாம்பு ஒன்றே போதும்.

1748: இரண்டு நூல்கள்

1748ஆம் ஆண்டில் இத்துறையின் இரண்டு முக்கிய நூல்கள் வெளிவந்தன. ஒன்று, லியோனார்டு ஆய்லர் எழுதிய 'முடிவிலிப் பகுப்பாய்வுக்கு அறிமுகம்'. வளைவரையை மையமாகக் கொண்டிருந்த பாடத்தை அவர் சார்பை மையமாகக் கொண்டதாக மாற்றினார். சார்புகளை விகிதமுறு சார்பு, விகிதமுறாச் சார்பு என்று பிரித்தார். சிக்கலான பின்னத்தைப் பகுதிப் பின்னங்களாக உடைக்கும் முறையை விளக்கினார். தொகையிடலுக்காக லைப்னிட்சும் யோகான் பெர்னூலியும் 1702இல் ஆராய்ந்த முறை அது. இரண்டாம் தொகுதியில் முடிவிலிக்குச் செல்லும் கிளைகளுக்கும் அணுகுகோடுகளுக்கும் தனித்தனி இயல்கள் உள்ளன.

மற்றொன்று, மிலான் நகரைச் சேர்ந்த மரியா கயட்டானா ஆக்னேசி இத்தாலிய மொழியில் எழுதிய 'பகுப்பாய்வுப் பாடங்கள்'. இத்தாலிய இளைஞர்களின் பயன்பாட்டுக்காக என்று தலைப்பிலேயே குறிப்பிட்டிருந்தார். இயற்கணிதத்தில் தொடங்கி வளைவரை, வகையிடல், தொகையிடல் என்று படிப்படியாகச் செல்லும் இந்நூல் இரண்டு தொகுதிகளாக வந்தது. அறிஞர்களுக்கு இலத்தீனில் எழுதுவது வழக்கமாயிருந்த காலத்தில், மாணவர் பேசும் மொழியில் அவர் எழுதினார். 1750இல் போப்பாண்டவர் பதினான்காம் பெனடிக்ட் அவரைப் பொலோன்யா பல்கலைக்கழகப் பதவிக்கு நியமித்தார். ஆனால் ஆக்னேசி அங்கே சென்று கற்பிக்கவில்லை. 1752இல் தந்தை இறந்த பிறகு, ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் பணி செய்வதில் வாழ்நாளைச் செலவிட்டு, 1799இல் மறைந்தார்.

பெயர் பிழைத்த வளைவரை

ஆக்னேசியின் நூலில் எடுத்துக்காட்டாக வரும் ஒரு வளைவரையின் எளிய வடிவம் ர = 1/(1 + ய²). விட்டம் 1 உள்ள ஒரு வட்டத்தை ஆதிப்புள்ளியில் கிடையச்சைத் தொடுமாறு வரைந்து, அதன் உச்சியில் ஒரு கிடைத் தொடுகோடு வரைய வேண்டும். ஆதிப்புள்ளியிலிருந்து செல்லும் ஒரு கோடு வட்டத்தை ஓரிடத்திலும் தொடுகோட்டை மற்றோரிடத்திலும் வெட்டும். முதல் வெட்டுப்புள்ளியின் உயரத்தையும், இரண்டாவதன் கிடைத்தொலைவையும் எடுத்துக்கொண்டால் வளைவரையின் ஒரு புள்ளி கிடைக்கும். இருபுறமும் முடிவில்லாமல் நீளும் இந்த வளைவரைக்கும் கிடையச்சுக்கும் இடைப்பட்ட பரப்பு, அந்த வட்டத்தின் பரப்பைப்போல் சரியாக நான்கு மடங்கு.

இதை ஆக்னேசி கண்டுபிடிக்கவில்லை. ஃபெர்மா முன்பே ஆராய்ந்திருந்தார். குயிடோ கிராண்டி, பாய்மரக் கப்பலின் பாயைத் திருப்பும் கயிற்றைக் குறிக்கும் இலத்தீன் சொல்லையொட்டி இதற்கு 'வெர்சியெரா' என்று பெயரிட்டார். ஆக்னேசியும் அப்பெயரையே எழுதினார். கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஜான் கோல்சன் முதிய வயதில் இத்தாலிய மொழி கற்று நூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அவர் 1760இல் இறந்தார். மொழிபெயர்ப்பு 1801இல் அச்சேறியது. அதில் 'வெர்சியெரா', பெண் பேயைக் குறிக்கும் 'அவ்வெர்சியெரா' என்ற ஒலியொத்த சொல்லோடு குழம்பி, 'சூனியக்காரி' என்று ஆகிவிட்டது. ஆங்கிலப் பாடநூல்களில் இன்றும் அது 'ஆக்னேசியின் சூனியக்காரி' தான். ஒரு தலைமுறைக்கே பகுப்பாய்வு கற்றுக்கொடுத்த ஆசிரியரின் பெயர், அவர் கண்டுபிடிக்காத ஒரு வளைவரையோடும் அவர் சூட்டாத ஒரு பட்டத்தோடும் ஒட்டிக்கொண்டது.

வகுப்பறைக்கு வந்த கட்டத்தாள்

1750இல் ஜெனீவாவைச் சேர்ந்த கப்ரியேல் கிராமர் இயற்கணித வளைவரைகளைப் பற்றிப் பெருநூல் எழுதினார். 1872இல் பெர்சிவல் ஃபிராஸ்ட் வளைவரை வரைதலுக்கென்றே ஒரு பாடநூல் வெளியிட்டார். ஆயினும் இவை உயர்கல்விக்குரியவை. பள்ளி இயற்கணிதத்தில் வரைபடம் பரவலாக இடம்பெற்றது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். பிரித்தானியப் பொறியாளர் ஜான் பெரி 1901இல், கட்டத்தாளில் வரைந்து கற்பிப்பதை வலியுறுத்தினார். அமெரிக்காவில் ஈ. எச். மூர் 1902இல் அக்கருத்தை ஆதரித்தார். ஜெர்மனியில் பெலிக்ஸ் கிளைன், சார்பு என்ற கருத்தே பள்ளிக் கணிதத்தின் மையமாக இருக்க வேண்டும் என்று வாதிட்டார்.

கட்டத்தாள் ஒரு புதிய ஆபத்தையும் கொண்டுவந்தது. ஐந்தாறு புள்ளிகளைக் குறித்து இணைத்தால் போதும் என்ற பழக்கம் மாணவர்களிடம் வளர்ந்தது. இதன் எல்லையை 1901இலேயே கார்ல் ரூங்கே காட்டியிருந்தார். அவர் எடுத்துக்கொண்டது ஆக்னேசியின் அதே வளைவரை. −5 முதல் 5 வரை சம இடைவெளியில் அதன் மீது புள்ளிகளைக் குறித்து, அவை அனைத்தின் வழியாகவும் செல்லும் ஒரு பல்லுறுப்புக்கோவையை அமைத்தால், புள்ளிகள் கூடக்கூட நடுப்பகுதி நன்றாகப் பொருந்துகிறது. ஆனால் இரு ஓரங்களிலும் பிழை கட்டுக்கடங்காமல் வளர்கிறது. புள்ளிகளைக் கூட்டினால் படம் சரியாகிவிடும் என்பது பொய்த்துப்போயிற்று. இதற்கான காரணமும் பகுதியில்தான் இருக்கிறது: மெய்யெண்களில் சுழியாகாத 1 + ய², கலப்பெண் தளத்தில் இரண்டு இடங்களில் சுழியாகிறது.

அணுகுகோட்டைப் படித்தல்

அறிவியலிலும் இக்கேள்வி வந்தது. 1913இல் லெயோனோர் மைக்கேலிசும் மாட் மென்டனும் நொதிவினையின் வேகத்துக்கு ஒரு சமன்பாடு தந்தனர். வினைபடு பொருளின் செறிவு கூடும்போது வேகம் ஒரு பெரும வேகத்தை நெருங்குகிறது; ஆனால் அதை எட்டுவதில்லை. இது கிடை அணுகுகோடு உள்ள ஒரு விகிதமுறு சார்பு. பெரும வேகம் என்பது அந்த அணுகுகோட்டின் உயரம்.

சோதனையில் கிடைப்பதோ சில புள்ளிகள் மட்டுமே. அவற்றைப் பார்த்து, வளைவரை எங்கே சமனாகும் என்று கண்ணால் மதிப்பிடுவது கடினம். 1934இல் லைன்வீவரும் பர்க்கும் வேகம், செறிவு ஆகிய இரண்டின் தலைகீழிகளையும் எடுத்து வரைந்தனர். வளைவரை நேர்கோடாயிற்று, அது நிலையச்சை வெட்டும் இடத்திலிருந்து பெரும வேகம் கிடைத்தது. ஆனால் குறைந்த செறிவில் ஏற்படும் சிறு அளவீட்டுப் பிழைகளை இம்முறை பெரிதாக்கிவிடும். எந்த வடிவில் வரைகிறோம் என்பது வெறும் வசதிக்கான தேர்வன்று, முடிவையே பாதிக்கும்.

இன்று

1985இல் காசியோ நிறுவனம் வரைபடம் காட்டும் கையடக்கக் கணிப்பானை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று ஜியோஜீப்ரா, டெஸ்மோஸ் போன்றவற்றில் சூத்திரத்தை உள்ளிட்டதும் படம் வந்துவிடுகிறது. ஆனால் பல பழைய கணிப்பான்கள் ர = 1/ய போன்ற சார்புகளுக்கு, மேலே செல்லும் கிளையையும் கீழே செல்லும் கிளையையும் ஒரு செங்குத்துக் கோட்டால் இணைத்துக் காட்டின. அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளைக் கணித்து இணைப்பதே இயந்திரம் அறிந்த வேலை; நடுவே பகுதி சுழியாவது அதற்குத் தெரியாது. வாலிஸ் எண்களின் வரிசையில் தடுக்கி விழுந்த அதே இடம் இது.

பாடநூல் தரும் படிகளை அவை பிறந்த காலத்தோடு இவ்வாறு சுருக்கலாம்:

• அணுகுகோடு என்ற கருத்து: அப்பல்லோனியஸ், கி.மு. 3ஆம் நூற்றாண்டின் இறுதி.
• சமன்பாட்டுக்கு ஒரு வளைவரை உண்டு என்பது: ஃபெர்மாவும் டேக்கார்ட்டும், 1630கள்.
• எதிர்ம மதிப்புகள், நான்கு கால்பகுதிகள், முடிவிலிக் கிளைகளைக் கொண்டு வகைப்படுத்தல்: நியூட்டன், 1704.
• சார்பை மையமாகக் கொண்ட பாடம்: ஆய்லர், 1748.
• மாணவருக்கான படிப்படியான விளக்கம்: ஆக்னேசி, 1748.
• பள்ளியில் கட்டத்தாள்: பெரி, மூர், கிளைன் ஆகியோரின் முயற்சியால், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம்.

விகிதமுறு சார்பை வரையும் மாணவர் முதலில் பகுதியைப் பார்க்கிறார், பிறகு தொலைவைப் பார்க்கிறார், கடைசியில்தான் புள்ளிகளைக் குறிக்கிறார். திரையில் தோன்றும் படம் சரியா தவறா என்று சொல்ல அந்த வரிசை தெரிந்திருக்க வேண்டும்.